தோட்டத்துக் கோயில் மண்டபத்துல கல்யாணம்: 250 பேர், கையில 6 லட்சம், கடன் இல்லாம முடிக்கணும்

டிக்கோயா_தங்கச்சி
எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்குத் தை கடைசியிலயோ மாசியிலயோ கல்யாணம். மலையகத்துல டிக்கோயா பக்கம் தேயிலைத் தோட்டம். கோயிலை ஒட்டின மண்டபத்துல ஒரே நேரத்துல 70 பேர் சாப்பிட உட்காரலாம், நாற்காலி போட்டா 150 பேர். நகை தனி. அது போக கையில இருக்கிறது 6 லட்சம் ரூபா. ரெண்டு பக்கமும் சேர்த்து 250 பேர் வருவாங்க. கடன் வாங்குறதில்லன்னு வீட்டுல முடிவு பண்ணிட்டாங்க. ஆனா பார்க்க அழகா இருக்கணும். எதுல கை வைக்கலாம், எதுல வைக்கக்கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பனிமூட்டம்
தங்கச்சி, மெனு, மணவறை எல்லாத்துக்கும் முன்னால திகதியைப் பிடிங்க. உங்க பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை, ஒக்டோபர், நவம்பர்ல பின்நேரம் இடியோட கொட்டும். ஜனவரி நடுவுல இருந்து மார்ச் வரைதான் காய்ஞ்ச காலம். அந்த வகையில தை, மாசி நல்ல தேர்வு. மாப்பிள்ளை வீடு பதுளை, பசறை பக்கம்னா ஒண்ணு கவனிங்க: அங்க வடகீழ் மழை டிசம்பர், ஜனவரியில இருக்கும். இங்க வெயில் அடிச்சாலும் அவங்க கிளம்புற இடத்துல மழை கொட்டலாம். மாசி ரெண்டு பக்கத்துக்கும் தோது.

அடுத்தது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். டிசம்பர் போயாவுல (பௌர்ணமி நாள்) தொடங்கி மே மாச வெசாக் வரை ஓடும். ஹட்டன், மஸ்கெலியா ரோட்டுல சனி, ஞாயிறும் போயாவும் வாகனம் நகராது, வேன்காரங்க சீசன் விலைதான் கேப்பாங்க. அதனால போயா வர்ற வார இறுதியைத் தவிருங்க. போயா அன்னிக்கு இறைச்சிக்கடையும் மூடியிருக்கும்கிறது இன்னொரு காரணம், மறுநாள் கறிச்சோறு போடுற வழக்கம் இருந்தா முதல் நாள் வாங்க முடியாது.

கடைசியா, யாரும் வெளியில பேசாத கணக்கு ஒண்ணு. தோட்டத்துல சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். 10க்குப் பிறகு வர்ற முதல் ஞாயிறு வச்சா வர்றவங்களுக்கும் வசதி, மொய்யும் நல்லா விழும். வார நாள்ல வச்சா வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். இல்லைன்னா வீட்டுக்கு ஒருத்தர்தான் தலை காட்டுவாங்க.

டிக்கோயா_தங்கச்சி
நன்றி அண்ணே. மொய்யையும் கணக்குல சேர்த்து 7 லட்சமா நினைச்சுக்கலாமா?

கணக்கப்பிள்ளை
வேண்டாம். மொய் விழுறது பந்தி முடிஞ்ச பிறகு. முற்பணம் எல்லாம் அதுக்கு ஒரு மாசம் முன்னாலயே கேப்பாங்க. தீபாவளி முற்பணத்தை அதுக்கப்புறம் மாசாமாசம் சம்பளத்துல கழிக்கிறதால வருசத் தொடக்கத்துல பலருக்குக் கை இறுக்கம், அதையும் யோசிங்க. மொய் வந்தா அது பொண்ணு மாப்பிள்ளைக்குக் குடித்தனம் வைக்கிற காசு. பந்திச் செலவுக்கு அதை எதிர்பார்த்தா கடைசியில கடைக்காரர்கிட்ட நோட்டுல எழுதவேண்டி வரும். அதுவும் கடன்தான்.

6 லட்சத்தை நான் பிரிச்சா இப்படி வரும். இது சந்தை விலை இல்ல, தாண்டக்கூடாத வரம்பு. சாப்பாடும் தேத்தண்ணியும் 1,90,000. பொண்ணு மாப்பிள்ளை உடுப்பும் டிரெஸ்ஸிங்கும் 1,00,000. போட்டோ 70,000. ஐயர், மேளம், பூசைச் சாமான் 55,000. மணவறையும் பூவும் 45,000. வாகனம் 40,000. மண்டபம், நாற்காலி, பாத்திரம் 35,000. பத்திரிகையும் பதிவும் 10,000. மிச்சம் 55,000 யாரும் தொடாத காசு. அதைத் தனி உறையில போட்டு, கல்யாண வேலையில மூக்கை நுழைக்காத ஒரு பெரியம்மா கையில குடுத்துடுங்க. கடைசி ரெண்டு நாள்ல கேஸ், தேங்காய், டீசல், மறந்துபோன சாமான்னு அதுல பாதி கட்டாயம் போகும்.

எதுலயாவது வரம்பு தாண்டினா வேற எதுலயாவது வெட்டணும். 55,000ல கை வைக்கக்கூடாது.

சாமிமலை_சித்தப்பா
250ஐ 120 ஆக்குங்க, எல்லாம் சரியாகிடும். கொழும்புல எல்லாரும் இப்ப அப்படித்தான் பண்றாங்க.

மிலாறு
சித்தப்பா, கொழும்புல பக்கத்து வீட்டுக்காரர் பேரே தெரியாது, அங்க சரிவரும். லயத்துல, ஒட்டி ஒட்டி இருக்கிற வரிசை வீடுகள்ல, ஒரு வீட்டை விட்டுட்டு அடுத்த வீட்டைக் கூப்பிட முடியுமா? நாளைக்கு அதே பைப்புல தண்ணி பிடிக்கணும்.

ஆனா எண்ணிக்கையைக் குறைக்க முறை இருக்கு. ரெண்டு அழைப்பாப் பிரிங்க. முதல் நாள் சாயங்காலம் நலங்குக்கு டிவிஷன் (தோட்டத்துல உங்க பிரிவு) முழுக்கக் கூப்பிடுங்க: தேத்தண்ணி, வடை, கேசரி, பழம். முகூர்த்தச் சாப்பாட்டுக்குச் சொந்தபந்தம் முழுசா வரட்டும், டிவிஷன்ல இருந்து வீட்டுக்கு ரெண்டு பேர். இதைப் பத்திரிகை வைக்கும்போதே தோட்டத் தலைவரும் வீட்டுப் பெரியவரும் சேர்ந்து வாயால சொல்லிடணும். எழுத்துல போட்டா மரியாதைக் குறைவாப் போகும். 40 வீட்டு டிவிஷன்னா வீட்டுக்கு நாலு பேர் வீதம் 160 வர்றது 80 ஆகும். அழைப்பு எல்லாருக்கும் போயிருக்கும், யாரும் முகம் சுளிக்க வழியில்ல.

சாமிமலை_சித்தப்பா
அது நல்ல யோசனைதான். நலங்குச் செலவு கூடுமே?

மிலாறு
கூடும். ஆனா தேத்தண்ணியும் வடையும் ஒரு ஆளுக்கு ஆகிற செலவு பந்திச் சாப்பாட்டுல நாலுல ஒரு பங்குகூட வராது.

பெரிய_கிடாரம்
சாப்பாட்டுக்கு வர்றேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க. காசும் இங்கதான் போகுது, மானமும் இங்கதான் போகும்.

மெனுவை மலைநாட்டு மரக்கறியைச் சுத்தி வைங்க. கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ், பீட்ரூட், நோகோல், உருளைக்கிழங்கு எல்லாம் நம்ம காலடியில விளையுது. முருங்கைக்காய், கத்தரிக்காய், பூசணி, வாழைக்காய் எல்லாம் கீழ இருந்து ஏறி வர்ற சாமான், லொறிக் கூலியும் சேர்ந்துதான் விலை. இலைக்கு எட்டு கறி வச்சாத்தான் கல்யாணம்னு இல்ல. நாலு கறியைச் சூடா, ருசியா வச்சாப் போதும். சோறு, பருப்பு, சாம்பார், கிழங்குப் பிரட்டல், கரட் போஞ்சிப் பொரியல், கோவா வறை, ரசம், மோர், பப்படம், வடை, பாயாசம். கீழ்நாட்டுச் சாமான்ல ஒண்ணே ஒண்ணு வேணும்னா கத்தரிக்காயை எடுங்க.

அளவு, 250 பேருக்கு:

அரிசி ஆளுக்கு 120 கிராம் வீதம் 30 கிலோ. கீரிச்சம்பா வேண்டாம். நல்ல நாட்டரிசி பொங்கும், ஆறினாலும் கட்டி ஆகாது. மைசூர்ப் பருப்பு 7 கிலோ கறிக்கு, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 4 கிலோ தனி. கிழங்கு 20 கிலோ. போஞ்சி 9, கரட் 8. கோவா 16 கிலோ வாங்குங்க, வெளி இலையும் தண்டும் போனா 13 நிக்கும். பெரிய வெங்காயம் 10 கிலோ. தேங்காய் சமையலுக்கு 60, பூசைக்கு ஐயர் குடுக்கிற பட்டியல்படி தனியா. பப்படம் 350, பொரிக்கும்போது உடையும். வடைக்கு ஒரு கிலோ பருப்புக்கு 45 வடை கிடைக்கும், 6 கிலோ போதும். பாயாசம் ஆளுக்கு 100 மில்லி வீதம் 25 லீற்றர்: சேமியா இரண்டரை கிலோ, சவ்வரிசி 2 கிலோ, சீனி 6 கிலோ.

இப்ப முக்கியமான விஷயம். 30 கிலோ அரிசியையும் ஒரேயடியா வடிக்காதீங்க. உங்க மண்டபத்துல பந்திக்கு 70 பேர். நாலு பந்தி, ஒரு பந்திக்கு அரைமணி நேரம். முதல் கிடாரம் 12 கிலோ, முதல் பந்தி உட்காரும்போது ரெண்டாவது 10 கிலோ ஏறணும். மிச்ச 8 கிலோவைக் கழுவாம சாக்குலயே வைங்க. மூணாவது பந்தி நடக்கும்போது வாசல்ல நிக்கிற ஆளை எண்ணிட்டு அதுக்கேத்த மாதிரி உலை வைக்கலாம். அப்படிச் செஞ்சா ஆள் குறைஞ்சாலும் அரிசி அரிசியாவே வீட்டுக்குத் திரும்பும். சோறா வீணாப் போனா அந்தக் காசு போனதுதான்.

குளிர் பண்ற சேட்டை வேற இருக்கு. தாளிக்கத் தேங்காய் எண்ணெய் விடாதீங்க. 24 பாகைக்குக் கீழ போனாலே அது உறையத் தொடங்கிடும். பொரியல் இலைக்கு வர்றதுக்குள்ள மேல வெள்ளையாப் படியும், வாயில மெழுகு மாதிரி ஒட்டும். பாம் எண்ணெயும் குளிர்ல மங்கும். சூரியகாந்தி எண்ணெயோ நல்லெண்ணெயோ எடுங்க. அப்பளம் வடைக்குத் தேங்காய் எண்ணெய் பரவாயில்ல, சூட்டோட போயிடும்.

நுவரெலியா உயரம் 1868 மீற்றர். அங்க தண்ணி 94 பாகை அளவுலயே கொதிச்சுடும். கீழ்நாட்டுச் சமையல்காரரைக் கூட்டி வந்தா இதை மறந்துட்டு வழக்கமான நேரத்துக்கு அடுப்பு மூட்டுவார், பருப்பு வேகாது. உங்க உயரம் அதைவிடக் கம்மி. ஆனாலும் பருப்பு, கடலை எல்லாத்துக்கும் நேரம் கூட வேணும். கடலையை முதல் நாள் மத்தியானமே வெதுவெதுப்பான தண்ணில ஊறப்போடுங்க. காலைச் சாப்பாட்டுக்கு இட்லி நினைச்சிருந்தா மாவு புளிக்கப் பெரும்பாலும் ஒரு ராத்திரி போதாது. அடுப்படி ஓரமா, சாக்கு சுத்தி, முதல் நாள் காலையிலயே அரைச்சு வைக்கணும். அந்தத் தலைவலியே வேண்டாம்னா உப்புமாவும் சம்பலும் போதும்.

டிக்கோயா_தங்கச்சி
அண்ணே இதை அப்படியே எழுதி வச்சுக்கிட்டேன். கேஸா விறகா?

பெரிய_கிடாரம்
ரெண்டும். சோறும் பாயாசமும் விறகுல, தாளிப்பும் பொரிக்கிறதும் கேஸ்ல. கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில வெட்டி விடுற குச்சி) காய்ஞ்சிருந்தா சீக்கிரம் பத்தும், ஆனா நின்னு எரியாது. பத்த வைக்க மிலாறு, அதுக்கு மேல நல்ல கட்டை. ரெண்டு மாசம் முன்னால வெட்டி, தகரத்துக்குக் கீழ அடுக்கி வச்சிருக்கணும். ஈர விறகுப் புகை சாம்பார்ல இறங்கினா எந்த மசாலாவாலயும் மறைக்க முடியாது.

கேஸ்ல ஒரு தந்திரம் தெரிஞ்சுக்கணும். பெரிய பர்னரை ஒரு மணி நேரம் முழுசாத் திறந்தா 12.5 கிலோ சிலிண்டர் வெளிப்பக்கம் பனி படிஞ்சு தீ இறங்கிடும். ஆளுங்க கேஸ் முடிஞ்சுட்டுன்னு நினைச்சுப் புதுசு வாங்க ஓடுவாங்க. முடியல, உள்ள அழுத்தம்தான் இறங்கியிருக்கும். ரெண்டு சிலிண்டரை மாத்தி மாத்திப் பாவிங்க, ஒண்ணு ஓய்வெடுக்கட்டும். யாரும் சூடு காட்டுறேன்னு தணல் பக்கத்துல கொண்டுபோகக் கூடாது, அதுக்கு ஒரு ஆளைக் காவல் வைங்க.

ஊவாப்பூ
வாழையிலை விஷயம் யாரும் சொல்லலயே. மேல உயரத்துல வாழை சரியா வராது, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்துல இருந்துதான் இலை வரும். குளிர்ல இலை விறைச்சு, மடிக்கும்போதே கிழியும். முதல் நாள் ராத்திரி தணல் மேல ஒரு தடவை காட்டி எடுத்தா வாடி வளையும். 250 பேருக்கு 300 நறுக்கு.

சாமிமலை_சித்தப்பா
இலையே வேண்டாம், பஃபே வைங்க. பரிமாற ஆள் தேட வேண்டாம்.

பெரிய_கிடாரம்
சித்தப்பா, பஃபேல ஆள் மிச்சம், சாப்பாடு நட்டம். வரிசைல நிக்கிறவர் ரெண்டாவது தடவை வர வேண்டாம்னு முதல் தடவையே குவிச்சு எடுப்பார். சோறும் கறியும் ஆளுக்குக் கூடத்தான் போகும். அதோட இந்தக் குளிர்ல தட்டைத் தூக்கிட்டு இடம் தேடி உட்காருறதுக்குள்ள சோறு ஜில்லுன்னு ஆயிடும். பந்தின்னா உட்கார்ந்த இலைக்குச் சூடா வரும். டிவிஷன் பொடியன்கள் பத்துப் பேர் போதும்: சோத்துக்கு ரெண்டு, கறிக்கு நாலு, சாம்பார் ரசத்துக்கு ரெண்டு, பப்படம் தண்ணிக்கு ஒண்ணு, இலை எடுக்க ஒண்ணு. அவங்க பத்துப் பேரும் பரிமாறுற முன்னால சாப்பிட்டிருக்கணும். பசியோட நிக்கிற பொடியன் ரெண்டாவது பந்தியில காணாமப் போயிடுவான்.

தேத்தண்ணிக்_கோப்பை
குளிர்பானப் போத்தலை மெனுவுல இருந்து தூக்குங்க. பெப்ரவரி காலை குளிர்ல யாரும் முழுசாக் குடிக்கிறதில்ல, பாதிப் போத்தல்கள் நாற்காலிக்குக் கீழ நிக்கும். வாசல்லயே சூடா தேத்தண்ணி குடுங்க, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி, பால் இல்லாதது. தேயிலை நாட்டுல இதைவிட நல்ல வரவேற்பு என்ன இருக்கு?

500 கோப்பைக்கு: தூள் ஒண்ணேகால் கிலோ, சீனி 5 கிலோ, தண்ணி 75 லீற்றர். பாதியைப் பால் தேத்தண்ணியாக் குடுக்கிறதா இருந்தா 400 கிராம் பால்மா பக்கெட் ஒண்ணுக்கு 25 கோப்பை, அப்ப 10 பக்கெட். பால்மாதான் இதுல கனமான செலவு. அதனால பால் தேத்தண்ணியை மாப்பிள்ளை வீட்டாருக்கும் வயசானவங்களுக்கும் மட்டும் வைக்கலாம்.

அண்டாவுல தூளைப் போட்டு மணிக்கணக்காக் கொதிக்க விடுறதுதான் எல்லாரும் பண்றது. அரைமணியில கசந்து கறுத்துடும். சாயத்தைத் தனியாத் திக்கா வடிச்சு வைங்க, சுடுதண்ணி தனி அடுப்புல. கேட்கக் கேட்கக் கலக்கலாம். நல்ல பிஓபிஎஃப் (சின்னக் குருணை ரகம்) தூள் எடுத்தா அளவும் குறையும், நிறமும் கண்ணாடி மாதிரி இருக்கும்.

டிக்கோயா_தங்கச்சி
அழகுக்கு வர்றேன். மணவறைக்கு ஒரு இடத்துல கேட்டா 45,000ஐத் தாண்டி இரண்டு மடங்கு சொல்றாங்க.

ஊவாப்பூ
அவங்க சொல்றது துணி, சட்டம், பிளாஸ்டிக் பூ, லைட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து, தங்கச்சி. இரும்புச் சட்டமும் மேடையும் மட்டும் வாடகைக்குக் கேளுங்க, மிச்சத்தை நீங்களே பண்ணலாம்.

10 அடி அகலம், 8 அடி உயரம்னா மடிப்பு விழத் துணி ரெண்டு மடங்கு அகலம் வேணும், அதாவது 20 அடி. 44 அங்குலத் துணியில 8 அடி நீளத்துல 6 துண்டு, மொத்தம் 16 யார் (கெஜம்). சரிகைத் துணி தேவையில்ல. மங்கலான நாள்ல மின்னுற துணி போட்டோவுல சாம்பல் நிறமா விழும். கடுகு மஞ்சளோ அரக்கோ எடுத்தா மூடுபனி வெளிச்சத்துலயும் நிறம் நிக்கும். அதுக்கு வெள்ளை எல்இடி போட்டுடாதீங்க, மஞ்சள் வெளிச்ச எல்இடிதான். வெள்ளை லைட்டுக்குக் கீழ மஞ்சள் பூசின முகம் பச்சையாத் தெரியும்.

பூ நம்ம ஊர்லயே இருக்கே. நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கார்னேஷன், செவ்வந்தி, ரோசா, ஜிப்சோபிலா எல்லாம் வளர்க்கிறாங்க. பூக்கடையில கேட்காம வளர்க்கிறவங்க கிட்டயே கட்டுக் கணக்கில வாங்குங்க. காதலர் தினத்தை ஒட்டின வாரம் ரோசா பக்கமே போகாதீங்க. உங்க திகதி அதுக்குக் கிட்டத்தான் வரும்போல.

குளிர் இதுல மட்டும் நமக்கு உதவி. ரெண்டு நாள் முன்னால எடுத்து, தண்டைச் சரிவா வெட்டி, வாளித் தண்ணில நிக்க வச்சாலே போதும். வேலியோரம் பூக்கிற ஹைட்ரேஞ்சியா கொத்தும் அழகு, ஆனா வெட்டினதும் தலை தொங்கிடும். பூவைத் தலைகீழா அரைமணி நேரம் தண்ணில அமுக்கி வைங்க, நிமிர்ந்துடும். அது இதழாலயும் தண்ணி குடிக்கிற பூ.

தோரணத்துக்குச் செவ்வந்தி அல்லது செண்டுப்பூ, ஒரு மீற்றருக்கு 20, 25 பூ. வாசலுக்கும் தூணுக்கும் 30 மீற்றர்னு வச்சா 700 பூவுக்குக் கிட்ட வரும். நலங்கு அன்னிக்குப் பொண்ணுங்க கூடி உட்கார்ந்தா ரெண்டு மணி நேர வேலை. மல்லிகை கீழ இருந்து வர்றது, விலையும் கூட, குளிர்ல மொட்டு சரியா விரியாது. தலைக்கு நாலு முழம் மட்டும் வாங்கிட்டு அதோட ஜிப்சோபிலா கலந்து வச்சா நிறைவா இருக்கும்.

குலைவாழை, தென்னங்குருத்து, மாவிலை கீழ இருந்து வர்ற ஆள்கிட்ட சொல்லி விடுங்க. இலை ஏத்துற அதே வாகனத்துல வரட்டும்.

மிலாறு
லைட் பத்தி ஊவாப்பூ அக்கா சொன்னதால மின்சாரத்தையும் சொல்லிடுறேன். கோயில் மண்டபத்துக்கு வீட்டுக்குக் குடுக்கிற 30 அம்பியர் இணைப்புத்தான் இருக்கும். 230 வோல்ட்டுக்கு அது 6.9 கிலோவாட். சமையலறையில 2 கிலோவாட் சுடுதண்ணிக் கொதிகலன் ரெண்டு, வீடியோக்காரர் கொண்டு வர்ற 1000 வாட் ஹலஜன் ரெண்டு, சவுண்ட் ஒரு கிலோவாட். மொத்தம் 7. சரியாத் தாலி கட்டுற நேரம் எல்லாரும் சேர்த்துப் போடுவாங்க, ட்ரிப் ஆகலாம், ஆனா மண்டபம் இருட்டு. தண்ணியை விறகுல கொதிக்க வைங்க, வீடியோக்காரர்கிட்ட எல்இடி மட்டும்னு முற்பணம் குடுக்கும்போதே சொல்லுங்க. மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர் அந்த நேரம் அதுக்குப் பக்கத்துல இருக்கணும்.

மண்டபத்தை எடுக்கும்போது வாடகையை மட்டும் கேட்டா பத்தாது. சாவி முதல் நாள் எத்தனை மணிக்குக் கிடைக்கும், தண்ணித் தாங்கி எத்தனை லீற்றர், கழிவறை எத்தனை, பஸ் திரும்ப இடம் இருக்கா. பெப்ரவரி, மார்ச்ல ஊத்துத் தண்ணி குறையும். சமையல், கை கழுவ, பாத்திரம், கழிவறைன்னு 250 பேருக்கு 2000 லீற்றர் இல்லாம இறங்காதீங்க. தாங்கியை முதல் நாளே நிரப்பிடணும்.

பந்தல் போடுறதா இருந்தா தறப்பாளை இறுக்கிக் கட்டி நடுவை உயர்த்துங்க. தொய்வா இருந்தா ராத்திரிப் பனியே தண்ணியாத் தேங்கி விடியக்காலை ஆள் மேல ஊத்தும்.

நாற்காலி, கிடாரம், அண்டாவுக்கு முதல்ல மரண உதவிச் சங்கத்தைக் கேளுங்க. சின்னக் கட்டணம்தான், பல சங்கங்கள் அங்கத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் குடுப்பாங்க. பத்தாததுக்கு மட்டும் டவுன்ல வாடகை. வீடுகள்ல இரவல் வாங்குற சட்டி, கரண்டிக்கு வீட்டுக்கு ஒரு நிறத்துல நூல் கட்டி நோட்டுல எழுதுங்க. கல்யாணம் முடிஞ்ச பிறகு வர்ற சண்டையில பாதி கரண்டிச் சண்டை.

சாமிமலை_சித்தப்பா
நகையைப் பத்தி யாராவது? பவுண் விலை போற போக்குல 6 லட்சமே தாலிக்கொடிக்குப் பத்தாது.

கணக்கப்பிள்ளை
தாலிப் பொட்டு மட்டும் தங்கத்துல, மஞ்சள் கயித்துல கட்டினா சம்பிரதாயத்துக்கு ஒரு குறையும் இல்ல. கொடியைப் பிறகு வசதி வரும்போது பண்ணலாம். கடைக்குப் போனா அன்றைய பவுண் விலையை மட்டும் கேட்காதீங்க. செய்கூலி, சேதாரம் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதச் சொல்லுங்க. பொட்டு சின்னது, அதுல செய்கூலி விகிதம் கனமா வரும். கல் பதிச்ச நகைன்னா கல்லு நிறையைக் கழிச்சுத்தான் தங்க நிறை. மேடைக்குப் போடுற மத்த செட்டை டிரெஸ்ஸிங் பண்றவங்க கிட்டயே வாடகைக்கு எடுங்க. இரவல் நகை வாங்கி அதை அடகு வைக்கிற வேலைக்கு மட்டும் போயிடாதீங்க.

இன்னொண்ணு. கல்யாணத்தை முன்னிட்டு வேலையை விட்டு நிக்கிற பெண்கள் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கலாம்னு ஒரு ஏற்பாடு இருக்கு. சில வீட்டுல அதைக் கல்யாணச் செலவுக்குன்னே எடுக்க வைப்பாங்க. அதுக்கு வேலையை விடணும். ஒரு நாள் பந்திக்காக வருசக்கணக்கான சேமிப்பையும் வேலையையும் விடுறது கட்டுப்படியாகாது.

டிக்கோயா_தங்கச்சி
அக்கா வேலையை விடமாட்டா. பதிவுக்கு என்ன பண்ணணும்?

பனிமூட்டம்
விவாகப் பதிவாளர்கிட்ட அறிவித்தல் குடுக்கணும். குடுக்கிற முன்னால அந்தப் பிரிவுல 10 நாளாவது வசிச்சிருக்கணும். பொண்ணும் மாப்பிள்ளையும் வேற வேற பிரிவுன்னா ரெண்டு இடத்துலயும் குடுக்கணும். 12 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ், அறிவித்தல் குடுத்து மூணு மாசத்துக்குள்ள பதிவு நடக்கணும். அதனால ரொம்ப முந்தியும் வேண்டாம், கடைசி நேரமும் வேண்டாம். ஆறு வாரம் முன்னால குடுத்தா சரி. அலுவலகத்துலயே போய்ப் பதிஞ்சா கட்டணம் குறைவு, மண்டபத்துக்கு அழைச்சா கூட. ரெண்டு சாட்சி போதும், முந்தின வாரமே பதிஞ்சுட்டா முகூர்த்த நாள்ல ஒரு மணி நேரம் மிச்சம்.

தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்கள்ல பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில வேற மாதிரி இருக்கிறது சகஜம். இன்னிக்கே ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தாப் பாருங்க. திருத்த மாசக்கணக்காகலாம்.

படம்பிடி
போட்டோவுக்கு வரம்பு 70,000ன்னா வீடியோவை விடுங்க, இல்லைன்னா அல்பத்தை விடுங்க. ரெண்டும் கேட்டா ரெண்டும் அரைகுறையாத்தான் வரும். என் கட்சி: ஒரு நல்ல போட்டோக்காரர், முழு நாள், எல்லாப் படமும் பென்டிரைவ்ல. அல்பத்தை ஆறு மாசம் கழிச்சு மொய்க்காசுல அடிக்கலாம். தாலி கட்டுறதை மட்டும் பொடியன் ஒருத்தன் நல்ல ஃபோன்ல, அசையாம, ஸ்டாண்ட்ல வச்சு எடுக்கட்டும்.

வெளிச்சம் காலை 8 முதல் 10 வரை. பின்நேரம் மூடுபனி இறங்கலாம், மலை மறைச்சு வெயிலும் முந்திப் போயிடும். முகூர்த்தம் 9க்கு முன்னால இருந்தா தேயிலை மலைப் படத்தை அது முடிஞ்ச கையோட, பந்திக்கு முன்னால எடுங்க. துரைக்கிட்ட (தோட்ட மேனேஜர்) முதல்லயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கவ்வாத்து வெட்டின மலையில போய் நின்னா குச்சிக்காடுதான் பின்னால தெரியும், கொழுந்து நிக்கிற மலையாப் பாருங்க. பட்டுச்சேலையோட வரிசைக்குள்ள இறங்க விடாதீங்க. தேயிலைக் குச்சி சரிகையை இழுத்துடும், ஓரத்து ரோட்டுல நின்னாலே பின்னணி முழுக்கப் பச்சை.

குளிர்ல இருந்த கேமராவை அடுப்படிக்குக் கொண்டு போனா லென்ஸ்ல ஆவி படியும். சமையல் படங்களைக் கடைசியா எடுக்கச் சொல்லுங்க.

ஊவாப்பூ
சேலைன்னதும் ஞாபகம் வந்துச்சு. கொழும்பு மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போறதா இருந்தா பஸ் காசு, ஒரு நாள் சம்பளம், சாப்பாடு எல்லாம் கூட்டிப் பாருங்க. முகூர்த்தச் சேலை ஒண்ணு மட்டும்னா ஹட்டன்லயோ கண்டியிலயோ வாங்குறதே லாபம். ரெண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பத்துப் பதினைஞ்சு உருப்படி எடுக்கிறதா இருந்தாத்தான் கொழும்பு கட்டும். வாங்கின பட்டை பொலித்தீன்ல வைக்காதீங்க, இங்க ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், சரிகை கறுக்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தி வைங்க. ரவிக்கையை முழங்கை வரை தைக்கச் சொல்லுங்க, விடிகாலை 5 மணிக்கு அலங்காரம் முடிச்சு நிக்கிற பொண்ணு நடுங்கினா படத்துலயும் தெரியும்.

டிக்கோயா_தங்கச்சி
மாப்பிள்ளை வீட்டார் 60 பேர் வெலிமடையில இருந்து வர்றாங்க. பெரிய பஸ் ஒண்ணு போதுமா?

மிலாறு
தோட்டத்து ரோட்டுல கடைசித் திருப்பம் எத்தனை அகலம்னு பார்த்துட்டுச் சொல்லுங்க. பெரிய பஸ் மெயின் ரோட்டுலயே நின்னுட்டா அங்க இருந்து 60 பேரை த்ரீவீல்ல ஏத்த 20 தடவை ஓடணும், மாப்பிள்ளை அழைப்பே ஒரு மணி பிந்தும். சந்தேகமா இருந்தா சின்ன பஸ் ரெண்டு எடுங்க. வெலிமடையில இருந்து நுவரெலியா வழியா வர்ற ரோட்டுல விடிகாலை பனி கண்ணை மறைக்கும், கணக்குப் போடுற நேரத்தோட ஒரு மணி கூட்டி வைங்க. முடிஞ்சா மாப்பிள்ளையும் அவங்க அப்பா அம்மாவும் முதல் நாளே வந்து டிவிஷன்ல ஒரு வீட்டுல தங்கட்டும். முகூர்த்தத்துக்குத் தேவையானவங்க அங்க இருந்தா மத்தவங்க பஸ் பிந்தினாலும் பந்திக்கு வந்து சேர்ந்துக்கலாம்.